பழைய அலாரத்தைக் கழற்றுவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் கதவுப் பூட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, பூட்டை விட்டுவிட்டு அலாரத்தைப் பற்றிக் கேட்கின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஆசையாகப் பொருத்திய திருட்டு அலாரம் இப்போது கெட்டுக் கிடக்கிறது, என்ன செய்வது என்பதே பெரும்பாலானவர்களின் கவலை. மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் அலாரத்துக்கு ஒயர் இழுக்கும் பையனாக 1994-ல் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அன்று இழுத்த ஒயர்களில் பல இன்றும் சுவருக்குள் பழுதில்லாமல் இருக்கின்றன. அதனால் "பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள்" என்று யாராவது சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் இந்தப் பதில்களிலும் தெரியலாம்.

கேள்வி: 2005-ல் என் கணவர் இருந்தபோது பொருத்திய அலாரம். நான்கு மாதங்களாக, இரவில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தானாக அலறுகிறது. தெருவே எழுந்து வருகிறது, எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. பார்க்க வந்தவர், போர்டு போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்ற 48,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது ஒழுங்காக இருக்கிறது, போகும்போதும் வரும்போதும்தான் அலறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வீட்டில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது பேட்டரியைத்தான். போர்டு கடைசி.

அலாரத்தின் மூளையான போர்டு இருக்கும் பேனல் பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு கறுப்பு நிற பேட்டரி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர், கையில் எடுத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். இதன் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள். 2005-க்குப் பிறகு எத்தனை முறை மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கணவர் இருந்தவரை அவர் கவனித்திருப்பார், அதன் பிறகு யாரும் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பல வீடுகளில் இதுதான் கதை. அலாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் போய்விடுகிறார், பேட்டரி அப்படியே கிடக்கிறது.

செத்த பேட்டரி ஏன் அலாரத்தை அடிக்க வைக்க வேண்டும்? அறை மூலையில் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் இருக்கிறது அல்லவா, அதற்குள் ஒரு சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், உண்டு. போதிய மின்னோட்டம் கிடைக்கும்வரை அது சுற்றை மூடியே வைத்திருக்கும். ஆள் வந்தால் திறக்கும். மின்னழுத்தம் விழுந்தாலும் திறந்துவிடும். எதனால் திறந்தது என்று பேனலுக்குத் தெரியாது, சுற்று திறந்தால் கத்து என்பதே அதற்கு நாம் கொடுத்த உத்தரவு. மின்சாரம் போனதும் பாரம் முழுவதும் பேட்டரியின் மேல் விழுகிறது. பேட்டரி சரிகிறது, ரிலே விடுகிறது, சைரன் அலறுகிறது. மின்சாரம் திரும்பும்போதும் இதே தொல்லைதான். சென்சார்கள் உயிர்பெற்று நிலைக்கு வர ஒரு நிமிடம் போல ஆகும். அதற்குள் பேனல் விழித்துக்கொண்டு, திறந்து கிடக்கும் சுற்றைப் பார்த்துக் கத்துகிறது.

சோதிப்பது எளிது. உங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெட்டிக்குள் 230 வோல்ட் வரும் முனைகளும் இருப்பதால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அவர் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 10 வாட், அதன் முனைகளில் இணைக்கட்டும். கூடவே மல்டிமீட்டரை வைக்கட்டும். பல்பு இல்லாமல் அளந்தால் செத்த பேட்டரியும் 12.6 காட்டி ஏமாற்றும். பாரம் ஏற்றினால்தான் உண்மை தெரியும். நல்ல பேட்டரி கால் மணி நேரத்துக்குப் பிறகும் 12-க்கு மேலேயே நிற்கும். செத்தது சில நிமிடங்களில் 11, 10 என்று இறங்கும், பல்பும் மங்கும்.

அடுத்து, பேட்டரி இல்லாமல் மெயினைப் போட்டு, பேட்டரிக்கு வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களின் நுனியில் அளக்கச் சொல்லுங்கள். 13.5-க்கும் 13.8-க்கும் இடையே இருந்தால் சார்ஜர் நலம். அப்படியானால் உங்களுக்குத் தேவை ஒரு புதுப் பேட்டரி மட்டுமே. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 48,000 எங்கே, இது எங்கே! 14.5-க்கு மேல் காட்டினால் சார்ஜர் பகுதி பழுது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரியைப் போட்டால் அது உப்பிப்போகும். மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பேட்டரி உப்பிப் பெட்டியோடு இறுகிப்போய், தகரத்தை வெட்டித்தான் எடுத்தேன்.

இன்னொன்றையும் பாருங்கள். பேனல் பெட்டி பரணில், மொட்டை மாடித் தளத்துக்கு அடியில் இருக்கிறதா? வெப்பம் 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் இந்தப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் பரண் எப்படிக் காயும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒயர் இடம் கொடுத்தால் பெட்டியைக் கீழே, மாடிப்படிக்கு அடியிலோ பூஜை அறைப் பக்கமோ இறக்கிவிடுங்கள். புதுப் பேட்டரியின் மேல் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் பேனாவால் எழுதிவையுங்கள். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். விற்கும் கடையிலேயே கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், விலையிலும் கொஞ்சம் கழிப்பார்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் ஆறு ஜோன் அலாரம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மூன்றாம் ஜோன் காரணமில்லாமல் அடிக்கிறது. தையில் தானாகச் சரியாகிவிடுகிறது. அந்த ஜோனை மட்டும் அணைத்து வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஜோன் என்பது பேனல் தனியாகக் கவனிக்கும் ஒரு சுற்று. அணைத்து வைத்திருக்கும் ஜோன் எந்தக் கதவு என்று எழுதவில்லை. பின்கட்டுக் கதவாக இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள்.

தேக்குக் கதவு மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். கதவில் காந்தமும் நிலையில் ரீட் ஸ்விட்சும் இருக்கின்றன. ரீட் ஸ்விட்ச் என்பது கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகில் இருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். வீட்டுக் கதவில் பொருத்துபவை சாதாரணமாக 15 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி வரை தாங்கும். பொருத்தியவர் கோடைக்காலத்தில் விளிம்பு அளவில் பொருத்தியிருப்பார். மழையில் கதவு ஊதி, முழுதாக நிலையில் அமராமல், ஒரு விரல் அளவு தள்ளி நிற்கும். காற்று அடித்தால் அந்த இடைவெளி கூடும், குறையும். அதுதான் உங்கள் "காரணமில்லாத" அலறல். காந்தத்தைக் கழற்றி, அடியில் மரச்சில்லு கொடுத்து நெருக்கமாக வைத்தால் போதும். இரும்புக் கிராதியிலோ இரும்புக் கதவிலோ நேரடியாகப் பொருத்தியிருந்தால் இரும்பு காந்தப் புலத்தை வாங்கிக்கொள்ளும். அங்கே பிளாஸ்டிக் துண்டு அடியில் கொடுக்க வேண்டும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஒயர். பேனலில் மூன்றாம் ஜோனின் இரு ஒயர்களையும் கழற்றி, மின்தடையைக் காட்டும் ஓம் அளவில் மல்டிமீட்டரை வைத்து, கதவு மூடியிருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். 2,200 அல்லது 4,700 என்பது போல ஒரு நிலையான எண் வர வேண்டும். அது சுற்றின் கடைசியில் வைக்கும் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடையின் அளவு. எண் ஆடினால் எங்கோ இணைப்பில் பச்சை பிடித்திருக்கிறது. இப்படி ஆடிய ஒரு ஜோனின் பின்னால் நான் மூன்று நாள் அலைந்திருக்கிறேன். கடைசியில், கல்யாணப் படம் மாட்ட அடித்த ஆணி ஒயரை உரசிக்கொண்டு நின்றது.

எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால், தயவுசெய்து பேனல் பெட்டிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். இது என்னால் பொறுக்க முடியாத ஒரு சோம்பேறித்தனம். அந்த ரெசிஸ்டர் கடைசி சென்சாருக்குள், ஒயரின் மறுமுனையில் இருக்க வேண்டியது. 1853-ல் அமெரிக்காவில், பாஸ்டனை அடுத்த சோமர்வில்லைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்ற மின் அலாரத்தில், கதவு திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். அப்படிப்பட்ட சுற்றில் ஒயரை வெட்டிவிட்டால் மணியே அடிக்காது. பிறகு வந்த, எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மூடிய சுற்றில் ஒயரை வெட்டினால் மணி அடிக்கும், ஆனால் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் அடிக்காது. அந்த ஓட்டையையும் அடைக்கத்தான் கடைசியில் ரெசிஸ்டர் வந்தது. வெட்டினாலும் எண் மாறும், முறுக்கினாலும் எண் மாறும். ஒன்றரை நூற்றாண்டாகப் பலர் யோசித்து அடைத்த ஓட்டையை, பத்து நிமிட வேலையை மிச்சப்படுத்த, பெட்டிக்குள் ரெசிஸ்டரைச் சொருகித் திறந்துவிடுகிறார்கள்.

செட்டிநாட்டு வீடு என்பதால் இன்னொரு சொல். திறந்த வளவில், அதாவது நடு முற்றத்தில், நடமாட்டச் சென்சார் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வெயிலும் காற்றும் புறாவும் அதை ஓயாமல் ஏமாற்றும். வளவைச் சுற்றியுள்ள அறைக் கதவுகளுக்குக் காந்தச் சென்சாரே போதும்.

கேள்வி: பல்லியால் அலாரம் அடிக்குமா? என் மருமகன் சிரிக்கிறான்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அடிக்கும். அந்தச் சென்சார் தன் முன்னால் நகரும் வெப்ப வேறுபாட்டைப் பார்க்கிறது. நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் மனிதன் மறைக்கும் அளவு இடத்தை, சென்சாரின் முகப்பு லென்ஸ் மேலேயே ஊரும் பல்லி மறைத்துவிடும். எறும்பு உள்ளே கூடு கட்டினாலும் இதேதான். மூடியைத் திறந்து, உலர்ந்த தூரிகையால் சுத்தம் செய்து, ஒயர் நுழையும் துளையை சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள். மேற்குச் சன்னலையோ ஏ.சி. காற்றையோ பார்த்தபடி அது இருக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் அறையே 36, 37 டிகிரி ஆகிவிட்டால் மனித உடலுக்கும் சுவருக்கும் வெப்ப வேறுபாடு குறைந்து சென்சாரின் எட்டும் தூரம் சுருங்கும். மலிவான சென்சார்களில் இந்தக் குறை அதிகம். அதனால் கோடையில் ஒரு முறை நடந்து பார்த்துச் சோதியுங்கள். உங்கள் மருமகனையே நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அலாரத்தில் ஆட்டோ டயலர் இருக்கிறது. திருடன் வந்தால் லேண்ட்லைன் வழியே என் எண்ணுக்குப் பேசும். லேண்ட்லைனை எடுத்துவிட்டோம். சிம் போடும் டயலர் ஒன்றை மலிவாக வாங்கினேன், என்னிடம் இருக்கும் சிம் அதில் வேலை செய்யவில்லை.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் சிம் ஜியோவா? ஜியோவுக்கு 2ஜி-யும் கிடையாது, 3ஜி-யும் கிடையாது. மலிவான டயலர்களில் பாதி இன்னும் 2ஜி மட்டுமே அறிந்தவை. 4ஜி-யில் குரல் அழைப்பு செய்யக்கூடிய டயலர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 2ஜி இன்னும் ஓடும் நிறுவனத்தின் சிம்மைப் போட்டு இப்போதைக்குச் சமாளிக்கலாம். ஆனால் புதிதாகப் பணம் போடுகிறவர் 2ஜி-யில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பழைய பேனலை மாற்ற வேண்டியதில்லை. பேனலில் சைரனுக்குப் போகும் 12 வோல்ட் வெளியீட்டிலிருந்து ஒரு ரிலே வழியே புது டயலரின் உள்ளீட்டுக்கு இரண்டு ஒயர் இழுத்தால் முடிந்தது. ஃபைபர் மோடத்தின் பின்னால் உள்ள தொலைபேசித் துளையில் பழைய டயலரைச் செருகலாமே என்று கேட்பீர்கள். செருகலாம். ஆனால் பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, ஃபைபர் மோடத்துக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வரும் திருடனுக்கு முன் அது ஊமை. மோடத்துக்கும் பேட்டரித் துணை இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சிம்முக்கு ரீசார்ஜ் தவறினால் டயலர் சத்தமே இல்லாமல் செத்துப்போகும், எந்த விளக்கும் எரிந்து சொல்லாது. மாதத்தின் முதல் ஞாயிறு சோதனை அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கார்பரோவில் பழைய வீடு ஒன்று வாங்கினோம். டி.எஸ்.சி. நிறுவனத்தின் அலாரப் பேனல், கதவுகளுக்கெல்லாம் ஒயர் இருக்கிறது. கீபேட் பத்து வினாடிக்கு ஒரு முறை 'பீப் பீப்' என்கிறது. தூக்கி எறிந்துவிட்டு அம்மாவின் மனஅமைதிக்குப் புதிது வாங்கலாமா? அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார்.
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: எறியாதீர்கள். குளிர்நாட்டு மரச்சுவருக்குள் ஒயர் இழுத்து வைத்திருப்பது உங்களுக்குக் கிடைத்த கொடை. நட்சத்திரக் குறியும் 2-ம் அழுத்துங்கள். பவர் சீரிஸ் வகைப் பேனல் என்றால் எந்த எண் எரிகிறது என்று பாருங்கள். 1 என்றால் உள்ளே கவனிக்க வேண்டிய கோளாறு, பெரும்பாலும் பேட்டரி. 2 என்றால் மின் இணைப்பு. 3 என்றால் தொலைபேசி இணைப்பு இல்லை, வீடு கைமாறியபோது பழையவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். அதற்கு இணையம் அல்லது செல்பேசி வழியே செய்தி அனுப்பும் துணைப் போர்டை இதே பேனலில் சேர்க்கலாம். கதவுச் சுற்றின் கடைசியில் பச்சை, நீலம், சிவப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர் இருக்கும், 5,600 ஓம். அவற்றைத் தொடாமல் விட்டுவிடுங்கள். முன்பு குடியிருந்தவரின் இரகசியக் குறியீடு இன்னும் உயிரோடு இருக்கும், முதல் நாளே அதை மாற்றுங்கள்.

உங்கள் ஊரில் இன்னொன்று முக்கியம். டொராண்டோ காவல்துறை 2018 செப்டம்பரிலிருந்து, உறுதிசெய்யப்பட்ட களவு அலாரத்துக்குத்தான் வருகிறது. ஒரே ஒரு கதவுச் சென்சார் அடித்தது என்றால் போதாது. இரண்டு ஜோன்கள் அடுத்தடுத்து அடிப்பது, ஒலி அல்லது படம் வழியே தெரிவது, நேரில் ஒருவர் பார்த்தது என ஏதாவது ஒன்று வேண்டும். அதனால் கதவுச் சென்சாரோடு கூடத்தில் ஒரு நடமாட்டச் சென்சாரும் கட்டாயம் இருக்கட்டும். அம்மா பகலில் தனியாக இருப்பார் என்றால், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அவசரப் பொத்தானும் வையுங்கள். ஆள் அழுத்தும் அவசர அழைப்புக்கு மேற்சொன்ன நிபந்தனை இல்லை.

கேள்வி: இணையத்தில் 4,000 ரூபாய்க்கு ஒயரில்லாத வைஃபை அலாரம் வருகிறது. பழைய ஒயர் அலாரத்துக்குப் பதில் அதைப் போட்டால் என்ன?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வாடகை வீட்டில் இருந்தால் போடுங்கள், வீடு மாறும்போது எடுத்துப் போகலாம். சொந்த வீட்டில், சுவருக்குள் ஒயர் இருக்கும்போது, வேண்டாம். அந்த விலையில் வருபவை பலவும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் எப்போதும் மாறாத ஒரே குறியீட்டை அனுப்புபவை. சென்சார் அனுப்பியதைப் பேனல் கேட்டதா என்று சென்சாருக்கே தெரியாது. சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் பேனலுக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன பேட்டரியை ஆண்டுதோறும் நினைவு வைத்து மாற்ற வேண்டும். கும்பகோணத்து அம்மாவுக்கு ஒரே ஒரு பேட்டரி மறந்ததற்கே இவ்வளவு சங்கடம்.

போர்டு உண்மையிலேயே போய்விட்டது, உதிரி கிடைக்கவில்லை என்ற நிலையில், ஒயர் ஜோன்களையும் ஒயரில்லாத சென்சார்களையும் சேர்த்து ஏற்கும் கலப்புப் பேனல் வாங்குங்கள். பழைய ஒயர், காந்தச் சென்சார், சைரன் மூன்றும் அப்படியே தொடரும். புதுப் பேனல் கேட்கும் அளவுக்குக் கடைசி ரெசிஸ்டர்களை மட்டும் மாற்ற வேண்டும். பிறகு கட்டிய மாடி அறைக்கு, ஒயர் போகாத இடத்துக்கு, ஒயரில்லாததை வைத்துக்கொள்ளலாம். பழைய பேனலைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரிலும் எந்தக் கதவு என்று சீட்டு ஒட்டி, செல்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றியவர்கள் வீட்டில் நான் இரண்டு மடங்கு கூலி வாங்க நேர்ந்திருக்கிறது, வாங்கும்போது மனம் கனத்தது.

கேள்வி: அலாரம் நன்றாக இருக்கிறது. ஆனால் பத்து நாள் வெளியூர் போனால் அடித்து என்ன பயன், யார் வருவார்கள்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் நாட்களைச் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அலாரம் அடித்தால் 112-க்கு அழைக்கும்படி பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். "நீங்களே உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாசத்தில் கம்போடு ஓடி வருபவர்கள் நம் ஊரில் உண்டு. சைரன் பத்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். விடிய விடிய அடித்த சைரனுக்கு அடுத்த முறை யாரும் எழுந்து வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கென்று தனிக் குறியீடு ஒன்றைக் கொடுங்கள், திரும்பி வந்ததும் அதை அழித்துவிடலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, அவரை உங்கள் வீட்டுக் கூடத்துக்கு அழைத்து, அலாரத்தை ஒரு முறை அடிக்கவிட்டு, அவர் கையாலேயே அந்தக் குறியீட்டை அழுத்தி நிறுத்தச் சொல்லுங்கள்.